மழையும் தவளையும் ஒரு கட்டுரையும்

குளக்கரைப் பள்ளியில் எருமை டீச்சர் ‘மழையும் நானும்’ என்று கட்டுரை எழுதிவரச் சொல்லியிருந்தார். நாளெல்லாம் ஆட்டம் போட்ட தவளை, காலையில் அவசர அவசரமாகத் தூக்கணாங்குருவியின் நோட்டைப் பார்த்து ஒரு எழுத்து விடாமல் காப்பியடித்தது.

வகுப்பில் எழுந்து நின்று கம்பீரமாக வாசித்தது.

“மழை என்றாலே எனக்குக் குலை நடுங்கும். ஒரு துளி விழுந்தாலும் கூட்டுக்குள் ஓடி ஒளிந்துகொள்வேன். என் சிறகு நனைந்துவிட்டால்...”

அந்த நேரம் பார்த்துச் சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. தவளைக்கு இருப்புக் கொள்ளவில்லை. நோட்டைப் போட்டுவிட்டு ஒரே தாவலில் வெளியே போய், தொண்டை கிழியக் கத்திக் குதித்தது.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தபோதுதான் அதற்கு உறைத்தது. சொட்டச் சொட்ட உள்ளே வந்தது.

“அது குருவி எழுதினது டீச்சர்.”

“தெரியுதுடா. உனக்கு ஏது சிறகு? நாளைக்கு உன்னோடதைக் கொண்டா.”

மறுநாள் தவளையின் நோட்டில் இவ்வளவுதான் இருந்தது:

“மழை என்றாலே குலை நடுங்கும் என்று தூக்கணாங்குருவி எழுதியிருக்கிறது. எனக்கு அப்படி இல்லை. மழை வந்தால் நான்”

அதற்குமேல் பக்கம் முழுக்கச் சேறும் ஈரக் கால்தடங்களும்.

டீச்சர் கால்தடங்களுக்கும் சேர்த்து மார்க் போட்டார்.