கயிறு சுற்றியவள்

"ஆபரேஷனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்டி. வா, வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள் கட்டிலில் இருந்த பெரியவள்.

"சும்மா இரு அக்கா. காலையிலேர்ந்து இதையே பாடுறே" என்ற சின்னவள் ஆரஞ்சை உரிப்பதை நிறுத்தவில்லை.

பல வருடங்களாகவே கர்ப்பப்பை இறங்கிக் கிடந்தது. இதற்கு மேல் தள்ளிப்போட்டால் நிற்கவே முடியாமல் போகும் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. ஆனால் பெரியவளுக்குக் கத்தி என்றாலே குலை நடுக்கம்.

பயத்தை மறக்கடிக்கச் சின்னவள் பழைய கதைகளை எடுத்தாள். ஒரே ரிப்பனுக்குப் போட்ட சண்டை, மழைத் தண்ணீரில் விட்ட காகிதக் கப்பல், ஒரே போர்வைக்குள் பேய்க்கதை பேசி இரண்டு பேருமே அலறியது. எத்தனை இனிமையான நாட்கள் அவை! விரிப்பு மாற்ற வந்த நர்ஸ்கூட, அக்கா தங்கை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று சிரித்துவிட்டுப் போனாள்.

"ஒண்ணு மட்டும் இன்னும் புரியலைக்கா. பெரியவங்க அசந்த நேரம் பார்த்து நம்ம தெருவே கயிறு தாண்டும். நீ மட்டும் தாண்டவே மாட்டே. நுனியைப் பிடிச்சுச் சுத்திக்கிட்டே நிப்பே. சோம்பேறின்னு உன்னை எவ்வளவு கேலி பண்ணியிருக்கேன்."

பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா? குதிச்சா அடிவயித்துலேர்ந்து ஏதோ கழண்டு விழுற மாதிரி இருக்கும். யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

சின்னவளின் கையில் சுளை அப்படியே நின்றது.

அப்போது டாக்டர் உள்ளே வந்தார். பழைய விவரங்களை விசாரித்துக் கேட்டுக்கொண்டவர் பெருமூச்சு விட்டார்.

"பதிமூணு வயசுல கல்யாணம், அடுத்த வருஷமே பிரசவம். இடுப்பெலும்பே வளர்ந்திருக்காதேம்மா. அப்ப ஆரம்பிச்ச கோளாறுதான் இது. அந்தக் குழந்தை பிழைச்சுதா?"

"பிழைச்சுது டாக்டர்" என்று சின்னவள் பதில் சொன்னாள். "தெருப் பிள்ளைங்க எல்லாம் இவளை அக்கான்னு கூப்பிட, அதுவும் அக்கான்னே கூப்பிட்டுப் பழகிடுச்சு."

பிறகு குனிந்து பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வெளியிலேயே உட்கார்ந்திருப்பேன். பயப்படாமப் போயிட்டு வா, அம்மா."