மேலத்தெருவில் பூட்ஸ்

ஹவில்தார் சடையப்பன் பதினெட்டு வருடம் பனிமலையில் பூட்ஸோடு காவல் நின்றவர். லீவில் வரும்போது மட்டும் மேலத்தெரு முனையில் அதைக் கழற்றி, கையில் பிடித்தபடி நடந்துதான் சேரிக்குள் நுழைவார். அவர் செத்த அன்று, இந்த ஒரு தடவையாவது அந்தத் தெருவில் பூட்ஸோடு போகட்டும் என்று பேத்தி இளவஞ்சி அதை எடுத்து அவர் காலில் மாட்டினாள்.

"பொணத்துக்கு எவடி பூட்ஸ் போடுவா? கால் பெருவெரல் ரெண்டையும் சேத்துக் கட்டணும்" என்றார் சித்தப்பா.

"கட்டணும், அவ்ளோதான?" இரண்டு பூட்ஸின் கயிறுகளையும் இழுத்து ஒன்றாக முடிச்சுப் போட்டாள்.

"காலேஜில இதத்தான் சொல்லிக் குடுக்குறானுங்களா?"

"பட்டாளத்துல சொல்லிக் குடுத்தது சித்தப்பா. இவருதான் ஊருக்கு வந்தா மறந்துருவாரு."

பாடை மேலத்தெரு முனைக்கு வந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் முதலில் பூட்ஸைத்தான் பார்த்தார்கள். முன்னால் தோள் கொடுத்திருந்த சித்தப்பா, எவரும் சொல்லாமலே, தன் செருப்பில் ஒன்றை உதறிக் கழற்றினார். பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"மாட்டுங்க சித்தப்பா" என்றாள் இளவஞ்சி.

ஒரு கால் செருப்பிலும் ஒரு கால் மண்ணிலுமாக, தோளில் பாடையோடு அவர் அப்படியே நின்றார்.