மூன்றாவது வேண்டாம்

"நோ, தேங்க்யூ," என்றார் மேடம்.

அவள் உதவிக்கு எழுந்து ஓடாமல் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மேடம் தேர்வு நடத்துபவர். இந்த ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் நோயாளியாக நடிப்பவரும் அவர்தான், இடுப்பில் அறுவை முடிந்தவராக. அவள் நர்ஸ். உதவட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

போன முறை விடவில்லை. 'நோயாளி மறுத்தும் தூக்கினார்' என்று எழுதி ஃபெயில் போட்டார்கள். இன்றும் போனால் வெளிநாட்டு வேலையை மறந்துவிட வேண்டியதுதான். இன்னொரு வாய்ப்பு கிடையாது.

ஹெல்ப் என்ற சொல்லுக்கு முன்னால் என்ன வரும் என்று அடுப்படிச் சுவரில் சீட்டு ஒட்டிப் படித்திருந்தாள். கேட்க ஆஸ்க் ஃபார். கொடுக்க ஆஃபர். மறுக்க டிக்ளைன். தாளிக்கும்போதுகூட வாய் அதையே முணுமுணுக்கும்.

டிக்ளைனில்தான் இடித்தது. அவள் ஊரில் முதல் வேண்டாமை யார் காதில் வாங்குகிறார்கள்? அது மரியாதைக்கு. இரண்டாவது கூச்சத்துக்கு. மூன்றாவது வருவதற்குள் காபி டம்ளர் கைமாறிவிடும். ஒரே தடவை கேட்டுவிட்டு நிறுத்தினவளை, ஒப்புக்குக் கேட்டாள் என்று காலத்துக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

இன்று நாக்கைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

"அவ்வளவுதாம்மா, முடிஞ்சுது," என்றார் மேடம்.

மதிப்பெண் தாள் இன்னும் நிரப்பப்படவில்லை. பேனா மேசையின் மறுகோடியில் கிடந்தது. அதை எடுக்க மேடம் எழுந்தார்.

பாதி எழுந்தபடியே நின்றுவிட்டார்.

முழங்கால் நடுங்கியது. மேசையைப் பற்றிய விரல்கள் வெளுத்தன.

நடிப்பா?

தேர்வைப் பதிவுசெய்யும் ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு அணையவில்லை. மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டுவைத்தாரா? அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"மேடம், பிடிச்சுக்கட்டுமா?"

"வேணாம்மா."

இதை எந்த ஊர் வழக்கத்தில் சேர்ப்பது?

"லேசா பிடிச்சுக்கறேன் மேடம்."

"வேணாம்மா. நானே எந்திரிச்சுக்குவேன்."

எழவில்லை. உட்காரவும் இல்லை.

அவள் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். வெறும் தாளைப் பார்த்தாள். அந்த முழங்காலைப் பார்த்தாள்.

மூன்றாவது முறை கேட்கவில்லை.

மேசையைச் சுற்றிப் போய் அக்குளில் கைகொடுத்துத் தாங்கினாள். மேடம் மொத்த பாரத்தையும் அவள்மேல் போட்டு நிமிர்ந்தார். அப்பாடா என்று மூச்சு விட்டார்.

ஒரு கை அவள் தோளை இறுகப் பிடித்திருந்தது.

மறு கை பேனாவை எடுத்தது.