டீச்சர்னா இப்படித்தான்

மாவட்டத்து அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் அந்த வருடம் பேசியது நிறைமதியின் குரல்தான். பாடம் சொல்லித்தரும் கணினி டீச்சருக்கு அவர் குரலைத்தான் கொடுத்திருந்தார்கள். காலை வணக்கம் சொல்வதும், கணக்கு புரியாத பிள்ளைக்கு மறுபடி விளக்குவதும் வகுப்பு ஒலிபெருக்கியிலிருந்து வரும் அந்தக் குரலே. நிறைமதி அருப்புக்கோட்டையில் தலைமையாசிரியை, திருநங்கை.

குரலைப் பதிவு செய்த அன்று பொறியாளர் ஜோஸ்பின் தயங்கினாள்.

“மேடம், குரல் கொஞ்சம் கட்டையா இருக்கு. மெலிசாக்கிடவா? ஒரு நிமிஷ வேலைதான்.”

“ஒரு காலத்துல இதக் கேட்டு ஸ்டாஃப் ரூமே சிரிச்சுதும்மா. இதே குரல்லதான் இத்தனை வருஷம் பாடம் நடத்துனேன். அப்படியே போகட்டும்.”

சில மாதங்கள் கழித்து, ஆண்டு விழாவுக்கு அழைத்திருந்த ஒரு தொடக்கப் பள்ளிக்கு நிறைமதி போயிருந்தார். ஒரு வகுப்பில் சிறுமிகள் டீச்சர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். துப்பட்டாவைப் புடவையாகச் சுற்றிய ஒருத்தி வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிடத் தொடங்கினாள். பக்கத்திலிருந்தவள் தடுத்தாள்.

“ஏய், கீச்சுகீச்சுனு பேசாத. டீச்சர்னா குரல் கட்டையா இருக்கணும்டி!”

டீச்சரானவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, தாடையை நெஞ்சோடு அழுத்தி, முடிந்தவரை கனத்த குரலில் கூப்பிட்டாள்.

“அபிநயா!”

வாசலில் நின்ற நிறைமதிக்குப் பழைய கோபம் சுர்ரென்று ஏறியது. ஆனால் உள்ளே ஒருத்தியும் சிரிக்கவில்லை. எல்லோரும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

அபிநயாவை முந்திக்கொண்டு நிறைமதி குரல் கொடுத்தார்.

“உள்ளேன் டீச்சர்!”

சிறுமிகள் சட்டென்று எழுந்து, சுவரிலிருந்த ஒலிபெருக்கியைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

“வணக்கம் டீச்சர்!”