சிலையைத் தொட்டவள்

"லீவுக்கு எங்கம்மா போயிருக்க?" என்று போனில் கேட்டார் அப்பா சங்கிலி.

"பிராக்ல சார்லஸ் பாலம்னு ஒண்ணு இருக்குப்பா. டிராம்ல ஏறி அங்கனதான் வந்துருக்கேன். ஒரே கூட்டம்," என்றாள் தமிழ்வாணி.

"அங்க ஏதோ சிலையத் தொட்டா நெனச்சது நடக்குமாமே?"

"ஆமாப்பா. நீங்களும் எழுமலையில இருந்து ஒரு தடவ இங்க வரணும்னு இப்பத்தான் தொட்டு வேண்டிக்கிட்டேன்."

"நடந்துருச்சு தாயி! கூட வேலை பாத்தவுகளோட டூர் வந்துட்டேன். உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் சொல்லல. அந்தச் சிலைகிட்டதான் நிக்கிறேன். கூட்டத்துல ஆளு தெரியல, கையத் தூக்கு!"

பிராக்கில் வேலை போய், வீட்டுக்குச் சொல்லாமல் அவள் திரும்பி வந்து நாலு மாதமாகிறது. பழங்காநத்தம் லேடீஸ் ஹாஸ்டல் மொட்டைமாடியில், தமிழ்வாணியின் கை தானாக மேலே உயர்ந்தது.