லாக்

இறந்துபோன முதல் மனைவி ரெஜினாவோடு ஊர் ஊராகச் சுற்றிய பழைய மோட்டார் சைக்கிளின் இன்ஜினைக் கழற்றி, சமையலறையில் பரப்பியிருந்தான் ஞானப்பிரகாசம். பிஸ்டனைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டாவது மனைவி ஸ்டெல்லாவுக்கு, தன் முகத்தை அவன் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை என்று தோன்றியது. அவன் கை கழுவப் போனதும், பிஸ்டனுக்கான சின்ன லாக் வளையத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இங்க ஒரு லாக் வச்சேனே, பாத்தியா?"

"இல்லையே. அது இல்லாம ஓடாதா?"

"ஓடும். கொஞ்ச தூரத்துல சிலிண்டரைக் கிழிச்சிடும்."

அவன் தேடித் தேடிக் களைத்து உட்கார்ந்தான்.

"ரெஜினா இருந்தா இந்நேரம் எடுத்துக் குடுத்திருப்பா."

ஸ்டெல்லா விளக்குமாற்றை எடுத்துவந்து, முழங்காலிட்டு, அடுப்புக்கு அடியில் மும்முரமாகத் தேட ஆரம்பித்தாள்.