இரண்டாவது முகவரி

சங்கரலிங்கம் இறந்து இரண்டு வருஷமாகிறது. அவருடைய நினைவும் பேச்சும் வாடகை மேகக் கணினி ஒன்றில் இருந்தன. மனைவி உலகம்மாள் தினமும் மதியம் கூப்பிடுவார். "என்ன விஷயம்?" என்பார் கணவர். உயிரோடிருந்தபோதும் அதே கேள்விதான்.

கணினியைப் பராமரிக்கும் ஜெனிபா அன்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அம்மா, ஐயாவைக் கூப்பிட ரெண்டு ஐ.பி. முகவரி இருக்கு. ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணை ஐயாவே செண்பகம்னு ஒருத்தங்களுக்குக் கொடுத்திருக்காரு."

நாற்பது வருஷமாக அந்த வீட்டில் யாரும் உச்சரிக்கத் துணியாத பெயர் அது.

"மூடு அதை. இல்ல, பொறு. அவகிட்ட என்னதான் பேசுதாருன்னு முதல்ல கேக்கணும்."

"குரலை வச்சு ஐயாவுக்கு ஆள் தெரியாதும்மா. அந்த முகவரில போனா உங்களை அவங்கன்னுதான் நினைப்பாரு."

"நினைக்கட்டும்."

ஜெனிபா இணைத்தாள்.

"வாட்டி செண்பகம். சாப்பிட்டியா?"

திட்டுவதற்குத் திரட்டி வைத்திருந்த சொற்களை விட்டுவிட்டு உலகம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் இல்ல" என்றார்.

"மணி மூணாச்சேட்டி! போய்ச் சோத்தை எடுத்துட்டு வா. நீ சாப்பிடுற வரைக்கும் நான் பேசிக்கிட்டிருக்கேன்."

உலகம்மாள் தட்டோடு வந்து உட்கார்ந்தார். குற்றாலத்தில் செருப்பைத் தண்ணீரோடு விட்ட கதையைச் சொல்லிச் சங்கரலிங்கம் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை உலகம்மாள் அதுவரை கேட்டதேயில்லை.

பேசி முடிந்ததும், "மூடிரவாம்மா?" என்றாள் ஜெனிபா.

உலகம்மாள் கையைக் கழுவினார்.

"மூடு" என்றார். "என்னோடதை."